தமிழாசிரியர் பயிற்சியில் கைப்பேசிக்கு என்ன வேலை?

அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது: "நான்கைந்து ஆண்டுகளாக இணையவழிப் பயிற்சிகளை முடித்துச் சான்றிதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் நான் பாடம் நடத்தும் விதம் மாறியதாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் எங்கள் வட்டார வள மையத்தில் தமிழாசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. என்னைக் கருத்தாளராகப் போட்டிருக்கிறார்கள். தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி நடத்த வேண்டுமாம். புரொஜெக்டர் கிடைக்குமா என்பதே சந்தேகம். என்ன செய்யலாம்?"

சான்றிதழ் குவிந்தும் வகுப்பு மாறவில்லை என்று சொல்லிக்கொண்டே பயிற்சி நடத்த வருகிற முதல் கருத்தாளர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்த வாக்கியத்தையே முதல் நாள் காலையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். மண்டபத்தில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆசிரியர் பயிற்றுநராகவும் பிறகு பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராகவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலையில் இருந்தவன் நான். பவர்பாயிண்ட் வந்த புதிதில் எழுத்துகளைப் பறக்கவிட்டுக் கைதட்டல் வாங்கியவனும்கூட. அதனால் கீழே சொல்வதில் பாதி என் தவறுகளிலிருந்து கற்றது.

ஆசிரியர்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுப்பதில் நமக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1950களின் இறுதியில் மதராஸ் மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கப் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஒரு திட்டம் போட்டார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் போய்ப் பலருக்கு. அந்தப் பலர் போய் இன்னும் பலருக்கு. அதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் விழுந்தது. பனியே பார்க்காத ஊரில் பனிப்பந்து! பெயர் வைத்தவருக்கு நம் அக்கினி நட்சத்திரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆனாலும் இன்றுவரை நம் பணியிடைப் பயிற்சிகள் பெரும்பாலும் அந்த அடுக்கு முறையில்தான் நடக்கின்றன. மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர், மாவட்ட அளவில் கருத்தாளர், வட்டார அளவில் நீங்கள். மேலே ஐந்து நாள் நடந்தது கீழே வரும்போது இரண்டு நாளாகிறது. மேலே செய்துகாட்டியது கீழே வரும்போது வாய்ச்சொல்லாகிவிடுகிறது.

இந்தத் தேய்மானத்துக்கு மருந்தாகத்தான் தொழில்நுட்பம் உள்ளே வந்தது. 1975–76இல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை வைத்து ஆறு மாநிலங்களின் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுபோன 'சைட்' சோதனையிலேயே ஆசிரியர் பயிற்சியும் இருந்தது. 2004இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2017இல் தீக்‌ஷா என்ற அரசின் இணையக் கல்வித் தளம் வந்தது. 2018இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு ஏறியது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அதே மாதம் நேரடி வகுப்பாகத் தொடங்கிய, ஆசிரியர்களுக்கான நடுவண் அரசின் நிஷ்தா பயிற்சி, கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், 18 தொகுப்புகளாக இணையத்துக்கு மாறியது. இவற்றால் ஒரு நன்மை நிச்சயம் உண்டு. சென்னையில் இருப்பவர் பார்க்கும் அதே காணொலியைக் கொல்லிமலையில் இருப்பவரும் பார்க்கிறார். நடுவில் எதுவும் உதிர்வதில்லை.

ஆனால் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. யாரோ ஒருவருடைய குரல் ஆசிரியரின் காதுக்கு வருகிறது. அவருடைய குரல் அவருக்கே திரும்பி வருவதற்கு வழியில்லை. மொழியாசிரியருக்கு மற்ற எவரையும்விட அதுதான் அவசியம். கணக்கு வகுப்பில் பேச்சு என்பது கணக்கைக் கொண்டுசேர்க்கும் வண்டி. தமிழ் வகுப்பில் பேச்சே சரக்கு. நீங்கள் கேள்வி கேட்கும் வாக்கியம், மாணவன் தடுமாறும்போது நீங்கள் எடுத்துக்கொடுக்கும் சொல், பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்குக்கு நீங்கள் தாண்டும் இடம், எல்லாமே அவனுக்குப் பாடம். அந்தப் பாடம் எப்படி இருக்கிறது என்று நமக்கே தெரியாது. கேட்டதே இல்லையே.

பி.எட். படித்த எல்லாரும் பிளாண்டர்ஸ் என்ற பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். வகுப்பறைப் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்து, மூன்று நொடிக்கு ஒரு குறி போட்டு எண்ணும் முறை அவருடையது. பத்தில் ஏழு வகை ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, ஒன்று மௌனமும் குழப்பமும். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு, அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் கண்டது. பத்து மதிப்பெண் வினாவாக எழுதிவிட்டு மறந்துவிட்டோம். நுண்நிலைக் கற்பித்தலும் அப்படித்தான். 1960களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அது பிறந்தபோது, ஐந்து நிமிடம் பாடம் நடத்து, ஒளிப்பதிவில் உன்னையே பார், திருத்திக்கொண்டு மறுபடி நடத்து என்பதுதான் அதன் உயிர். நம் கல்லூரிகளுக்கு அது வந்து சேர்ந்தபோது ரெக்கார்டு நோட்டு மட்டும் வந்தது. கேமரா வரவில்லை. அப்போது கேமராவின் விலைக்கு அது நியாயம்தான். இப்போது ஒவ்வொருவர் கைப்பையிலும் ஒன்று இருக்கிறது.

நான் முதன்முதலாக என் வகுப்பை ஒலிப்பதிவு செய்தது ஒரு விளக்க வகுப்பில். எட்டாம் வகுப்பு மாணவர்கள், பின்வரிசையில் பயிற்சிக்கு வந்த இருபது ஆசிரியர்கள், பாடம் திருக்குறள். சட்டைப் பையில் கைப்பேசியை வைத்துவிட்டேன். வகுப்பு மிக நன்றாகப் போனதாக எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். இரவு வீட்டில் இயர்போனைப் போட்டுக் கேட்டேன்.

"'கசடற' என்றால் என்ன?" என்கிறது என் குரல். ஒரு மூச்சுவிடும் நேரம்கூட இல்லை. "குற்றம் இல்லாமல். என்ன?" வகுப்பு கோரஸாக, "குற்றம் இல்லாமல்!" உடனே நான், "நன்று, புரிகிறதா?" இப்படியே பத்து நிமிடம். பத்தொன்பது கேள்வி கேட்டிருந்தேன். பதினான்குக்கு நானே பதில் சொல்லியிருந்தேன். "புரிகிறதா" என்பதை எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்ன மாணவன் உலகத்தில் எந்த வகுப்பிலும் கிடையாது. ஏழாவது நிமிடத்தில் ஒரு சிறுவன், "ஐயா, குற்றம்னா திருடுறதா?" என்று மெல்லக் கேட்கிறான். அன்றைய வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. என் குரல் அதன் மேல் ஏறிப் போய்விட்டது. வகுப்பில் அது என் காதில் விழவே இல்லை.

எத்தனையோ பயிற்சிகளில் "மாணவருக்குச் சிந்திக்க நேரம் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து, கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று காட்டியதை மேற்கோளாகவும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடப் பதிவு செய்த வேலையை அந்த மேற்கோள் எனக்குச் செய்யவில்லை.

ஆகவே உங்கள் இரண்டு நாளின் மையம் இதுவாக இருக்கட்டும். பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே தகவல் அனுப்பிவிடுங்கள்: ஒவ்வொருவரும் தம் வகுப்பில் பத்து நிமிடத்தைக் கைப்பேசியில் ஒலியாக மட்டும் பதிந்து எடுத்து வரவேண்டும். காணொலி வேண்டாம். கேமராவைக் கண்டால் பிள்ளைகளும் நடிப்பார்கள், நாமும் நடிப்போம். தவிர, பிள்ளைகளின் முகம் பதிவாகிற எதற்கும் பெற்றோர் ஒப்புதல் தேவை. ஒலிப்பதிவுக்கும் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, வகுப்பில் பிள்ளைகளிடமும் "நான் எப்படிப் பேசுகிறேன் என்று கேட்கப் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தப் பதிவை யாரும் கேட்டு வாங்கக்கூடாது. நீங்களும் வாங்கக்கூடாது. நம் துறையில் எதைச் செய்தாலும் 'ஆதாரம்' அனுப்பச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. விதை ஊன்றினால் போட்டோ, கைகழுவினால் போட்டோ. ஒலிப்பதிவை மேலே அனுப்பச் சொன்ன அன்றைக்கே இது ஆய்வு அலுவலரின் கருவியாகிவிடும். அதன்பிறகு வருகிற பதிவுகள் எல்லாம் ஒத்திகை பார்த்த நாடகமாக இருக்கும். நான் பார்த்த ஒரு பயிற்சியில் அப்படித்தான் நடந்தது. மூன்றாவது வாரத்தில் மாணவர்கள் கேள்விக்கு முன்பே பதில் சொன்னார்கள்.

முதல் நாள் முற்பகலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தம் பதிவைத் தாமே கேட்கட்டும். ஒரே ஒரு தாளில் மூன்று எண்ணிக்கை போதும்: கேட்ட கேள்விகள், அவற்றில் தாமே பதில் சொன்னவை, ஒரு சொல்லுக்கு மேல் நீண்ட மாணவர் பதில்கள். பிறகு பிடித்த மூன்று நிமிடத்தைத் தேர்ந்தெடுத்துக் கையால் வரிக்கு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்று நிமிடத்தை எழுத அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முணுமுணுப்பார்கள். அப்போது யாராவது, குரல்வழித் தட்டச்சில் போட்டால் நொடியில் வந்துவிடுமே என்பார். நாற்பது பிள்ளைகளும் மின்விசிறியும் சேர்ந்த இரைச்சலில் அது திணறும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கையால் எழுதும்போதுதான் காது விழிக்கிறது. என் அந்தச் சிறுவனின் கேள்வியை நான் இரண்டாம் முறை எழுதும்போதுதான் பிடித்தேன்.

பிற்பகலில் இருவர் இருவராக உட்கார்ந்து, எழுதிய மூன்று நிமிடத்தைப் பரிமாறிக்கொள்ளட்டும். விமர்சனம் வேண்டாம். "இந்த இடத்தில் நீங்கள் ஐந்து நொடி காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்ற ஒரு கேள்வி மட்டும்.

இரண்டாம் நாள் உச்சரிப்பு. இங்கேதான் தொழில்நுட்பம் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. அதை மண்டபத்திலேயே செய்துகாட்டலாம். கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சைத் திறந்து, வேண்டுமென்றே "வாளைப்பளம் ஒரு சீப்பு வாங்கினேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் செய்து பார்த்த போதெல்லாம் திரையில் 'வாழைப்பழம்' என்றே வந்திருக்கிறது. அக்கம்பக்கச் சொற்களை வைத்து எது வந்திருக்க வேண்டும் என்று அது ஊகித்துக்கொள்கிறது. தட்டச்சுக்கு அது வரம். உச்சரிப்புச் சோதனைக்கு அது பொய்ச் சாட்சி. 'கைப்பேசியே சரியாக எழுதுகிறது, என் ழகரம் சரிதான்' என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பதில் சொல்வதெழுதுதலைத் திருப்பிப் போடுங்கள். ஒருவர் வால், வாள், வாழ், அலை, அளை, அழை, மனம், மணம், அரம், அறம் என்று பத்துச் சொற்களைத் தாம் விரும்பிய வரிசையில் குரல் செய்தியாகப் பதிந்து குழுவில் போடவேண்டும். மற்றவர்கள் காதில் விழுந்ததை எழுத வேண்டும். வாக்கியம் கிடையாது, ஊகிக்க இடமில்லை. ஏழு பேரில் ஐந்து பேர் 'வாழ்' என்பதை 'வாள்' என்று எழுதினால், பிள்ளைகளுக்கு நாம் சொல்வதெழுதுதலில் போட்ட சிவப்பு மையில் பாதி யாருடைய கணக்கில் சேரவேண்டும் என்பது புரிந்துவிடும். ரகர றகர வேறுபாடு பல வட்டாரங்களில் பேச்சில் இல்லவே இல்லை என்பதும் அங்கேயே வெளிப்படும். அப்படியானால் அதை ஒலியாகத் திருத்துவதா, எழுத்தாகப் பழக்குவதா என்ற விவாதம் தானாகக் கிளம்பும். கிளம்பட்டும், தடுக்காதீர்கள். இரண்டு நாளில் உருப்படியான வாதம் அதுவாகத்தான் இருக்கும்.

மண்டபத்தில் ஒரே ஒரு மடிக்கணினி இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய பிராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒலியை அலையாகவும் பட்டையாகவும் காட்டும். ஓர் ஆசிரியரைக் 'கல்', 'கால்' என்று சொல்லவைத்து, உயிரொலி நீளும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் எத்தனை மில்லி நொடி என்று காட்டிவிடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் தொட்டுச் சொல்லிவருகிறோமே, அந்தக் கணக்கு ஏறத்தாழக் கண்முன் வந்து நிற்கும். மாத்திரையைக் கைநொடியிலும் கண்ணிமையிலும் விளக்கியே பழகிய ஒரு மூத்த தமிழய்யா, அந்தத் திரையை விட்டு நகரவே மாட்டேன் என்று நின்றது நினைவிருக்கிறது. 'பள்' என்பதைப் பதினோரு முறை, 'பாள்' என்பதைப் பதினோரு முறை சொல்லி அளந்தார். மதியச் சாப்பாட்டுக்கு அவரை இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். அரை மணி ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஏழாம் வகுப்புக்குப் புணர்ச்சி இலக்கணம் பற்றிப் பத்து வினாக்களை விடையோடு எழுதச் சொல்லி, அச்செடுத்துக் கொடுத்து, "இதைத் திருத்துங்கள்" என்று சொல்லுங்கள். வல்லினம் மிகவேண்டிய இடத்தில் விட்டிருக்கும், மிகக்கூடாத இடத்தில் போட்டிருக்கும். பாடல் கேட்டால் எந்தத் தொகையிலும் இல்லாத ஒன்றைச் சங்கப் பாடல் என்று அஞ்சாமல் தரும். பிழை கண்டுபிடிக்கும் ஆசிரியருக்கு அது உதவியாள். கண்டுபிடிக்க முடியாதவருக்கு ஆபத்து. இதை நீங்கள் சொல்லவேண்டாம், சிவப்புப் பேனா சொல்லிவிடும்.

இரண்டு நாளுக்குப் பிறகு என்ன என்பதுதான் பெரிய கேள்வி. வங்கதேசத்தில் 2008இல் பிரிட்டிஷ் அரசின் நிதியில் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நடந்த 'இங்கிலிஷ் இன் ஆக்‌ஷன்' திட்டத்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு முதலில் ஐபாட் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், விலை மலிந்த சாதாரணக் கைப்பேசியில் ஒரு மெமரி கார்டைப் போட்டு, சார்ஜ் செய்யும் சிறிய ஸ்பீக்கரோடு கொடுத்தார்கள். இணையம் தேவையில்லை. கார்டில் இருந்த காணொலிகள் லண்டன் வகுப்புகள் இல்லை. அந்த நாட்டு ஆசிரியர்கள், அந்த நாட்டின் நெரிசலான வகுப்பில் நடத்திய பாடங்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, ஒரு பள்ளிக்கு இருவராக ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியாகப் பயிற்சிக்குப் போய் வந்தவர் திங்கட்கிழமை பழைய வழிக்கே திரும்பிவிடுவார். பக்கத்து வகுப்பில் இன்னொருவர் அதையே முயன்றுகொண்டிருந்தால் அவ்வளவு எளிதாகத் திரும்ப முடியாது.

உங்கள் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கு ஒரு தமிழாசிரியர்தான் இருப்பார். அதனால் அடுத்தடுத்த ஊர்க்காரர்களை இணை சேர்த்துவிடுங்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினால் இரண்டாம் வாரம் காலை வணக்கப் படங்களும் பதவி உயர்வுச் செய்திகளும் நிறைந்துவிடும். மாறாக நான்கு பேருக்கு ஒரு குழு. வாரம் ஒரு பதிவு, இரண்டு நிமிடம், முறை வைத்து. போடுபவரே எதைக் கேட்கவேண்டும் என்று சொல்லவேண்டும்: "என் கேள்விக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று மட்டும் பாருங்கள்." பதிலும் குரலிலேயே வரட்டும். எழுத்தில் வந்தால் நம் ஆட்கள் "அருமை ஐயா", கைகூப்பும் படம், அதோடு முடித்துவிடுவார்கள்.

நேரடி இணைய வகுப்பு வீண் என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். வெளிநாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிற, வேறு தொழில் பார்க்கும் தன்னார்வ ஆசிரியருக்குப் பக்கத்தில் சக ஆசிரியரே கிடையாது. அவருக்கு ஜூம் திரைதான் ஆசிரியர் அறை. உங்கள் வட்டாரத்து நிலைமை வேறு.

கடைசியாகப் புரொஜெக்டர். அதற்காக அலையாதீர்கள். வள மையத்தில் நீங்கள் கேட்டு வாங்கவேண்டியது வேறு. நாற்பது பேரும் ஒரே மண்டபத்தில் தத்தம் பதிவை ஒலிக்கவிட்டால் சந்தைக்கடையாகிவிடும். மூன்று காலி வகுப்பறைகளின் சாவி வேண்டும். எல்லாரும் இயர்போன் எடுத்துவரச் சொல்லுங்கள், நீங்களும் நான்கைந்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், மறந்துவிட்டு வருபவர்கள் இருப்பார்கள். கைப்பேசிகளுக்கு மின்சாரம் எடுக்க நீட்டிப்புப் பலகை இரண்டு. முதல் நாள் காலையில் யாரையும் பதிவைப் போடச் சொல்வதற்கு முன், உங்கள் வகுப்பின் மூன்று நிமிடத்தை நீங்கள் போட்டுக் காட்டுங்கள். நல்ல நாளின் பதிவாகத் தேடி எடுக்காதீர்கள் தமிழம்மா. ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் பாடவேளை, அதுவே போதும்.